சார்ஜ் ஏறுகிறது, ஃபைல் வரவில்லை: உபுண்டுவில் அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி வழியாக இணைப்பது

கேள்வி இதுதான். உபுண்டு 24.04 போட்ட லப்டொப்பில் அன்ட்ரொய்ட் போனைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, ஃபைல்ஸ் செயலியில் போன் வருவதில்லை. எப்போதாவது வந்தாலும் உள்ளே வெறுமையாக இருக்கிறது. அதையும் தாண்டிப் படங்களைக் கொப்பி பண்ணத் தொடங்கினால் பாதியில் அறுந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் கேட்டதற்கு, "லினக்ஸில இதெல்லாம் சரிவராது, விண்டோஸ் போடுங்கோ" என்றார்களாம்.

விண்டோஸ் போடத் தேவையில்லை. நீங்கள் சொன்ன மூன்றும் வெவ்வேறு இடத்தில் நடக்கிற வெவ்வேறு கோளாறுகள். போன் தெரியாமலே இருப்பதற்குப் பெரும்பாலும் வயர் காரணம். வெறுமையாகத் தெரிவதற்குப் போனின் பூட்டு அல்லது பயன்முறை காரணம். பாதியில் அறுவதற்கு எம்ரிபி என்கிற, போனும் கணினியும் ஃபைல் பரிமாறும் நெறிமுறையின் குணம், சிலவேளை மறுபடியும் வயர். இணையத்தில் கிடைக்கிற ஆலோசனையில் பாதி, எடுத்த எடுப்பிலேயே "இந்தப் பெக்கேஜை நிறுவு" என்று ஆரம்பிக்கிறது. கேர்னல், அதாவது உபுண்டுவின் உட்கரு, உங்கள் போனைக் கண்டதா என்று பார்க்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். புள்ளி வைத்துப் பிரித்தவற்றை ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலச் சின்ன எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் சேர்த்து அடியுங்கள். "டி" என்பது ஆங்கில வரிசையில் நாலாவது எழுத்து, "ரி" என்பது இருபதாவது.

போனைச் செருகாமல், கட்டளை அடிக்கிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து "சுடோ டி.எம்.ஈ.எஸ்.ஜி. -டபிள்யூ" என்று அடியுங்கள். கேர்னலின் செய்திகளை வரவரக் காட்டுகிற கட்டளை இது. உபுண்டு 20.10 முதல் இதற்குச் சுடோ, அதாவது நிர்வாகி அனுமதி, கட்டாயம். பழைய வரிகள் ஓடி முடிந்ததும் திரை நிற்கும். இப்போது போனைச் செருகி, புதிதாக என்ன வரி விழுகிறது என்று பாருங்கள்.

ஒரு வரியும் விழவில்லை, ஆனால் போனில் சார்ஜ் அடையாளம் வருகிறது என்றால் கேபிளில் டேட்டா வயர் இல்லை, அல்லது அது எங்கோ அறுந்திருக்கிறது. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு வயர் இருக்கும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. சார்ஜுக்கு முதல் இரண்டும் போதும். பவர் பேங்க், ரீசார்ஜ் டோர்ச், மேசை விசிறி ஆகியவற்றோடு வருகிற குட்டைக் கேபிள்களில் பல அந்த இரண்டோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. "ஃபாஸ்ட் சார்ஜ்" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் டேட்டாவுக்கும் சம்பந்தமே இல்லை.

டெர்மினல் இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். கணினியில் செருகிய நிலையில் போனின் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் "யூஎஸ்பி டெதரிங்" சுவிட்சைப் பாருங்கள். மங்கலாகி அழுத்த முடியாமல் இருந்தால், மறுமுனையில் கணினி ஒன்று இருப்பதே போனுக்குத் தெரியவில்லை. அழுத்த முடிந்தால் டேட்டா வயர் உயிரோடு இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ கேபிள் வாங்கும்போதும் இதே சோதனைதான். "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்கி, கடையிலுள்ள கொம்பியூட்டரிலேயே செருகி அந்தச் சுவிட்சைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நீளம் ஒரு மீட்டர் போதும். மெல்லிய வயரில் இரண்டு, மூன்று மீட்டர் கேபிள்கள் சார்ஜுக்கு வசதி, டேட்டாவுக்குத் தலைவலி.

வரி விழுந்து, அதில் "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71" என்று இருந்தால் வயர் இருக்கிறது, ஆனால் அதில் போகிற சமிக்ஞை சிதைந்து வருகிறது என்று அர்த்தம். -71 என்பது நெறிமுறைப் பிழை, -110 என்பது பதில் வராமல் நேரம் கடந்தது. இரண்டும் சில தடவை வந்து, கடைசியில் "அனேபிள் டு எனுமரேட் யூஎஸ்பி டிவைஸ்" என்று கேர்னல் கைவிட்டுவிடும். இந்த நிலையில் மென்பொருளைத் தொட்டுப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள், ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள், மேசைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கிற துளைக்குப் போங்கள். முன்பக்கத் துளைகள் பெட்டிக்குள் இன்னொரு வயர் வழியாகப் போகின்றன. அந்த இணைப்பு தளர்ந்திருப்பது சாதாரண விஷயம். "ஓவர்-கரன்ட் கண்டிஷன்" என்ற வரி வந்தால் உடனே கழற்றுங்கள். அது துளையிலோ கேபிள் முனையிலோ எங்கோ மின்கசிவு என்று பொருள்.

போனின் துளையையும் விட்டுவிடக் கூடாது. சட்டைப்பையின் பஞ்சு டைப்-சி துளையின் அடியில் அழுந்தி, பிளக் கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். சார்ஜ் ஏறும், டேட்டா தொட்டுத் தொட்டு விடும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிண்டி எடுங்கள். ஊசி, ஸ்டேப்பிள் பின் வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் முனைகளில் பச்சை படிவதும் உண்டு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். பிளக்கைத் திருப்பிச் செருகினால் வேலை செய்கிறது, மற்றப் பக்கம் செய்யவில்லை என்றால் அநேகமாக அழுக்கு, இல்லையேல் தேய்ந்த பின்.

இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அந்த வகை இணைப்பில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பது செருகும் நேரத்தில் முடிவாகிறது. சிலவேளை போனே தலைமையை எடுத்துக்கொண்டு லப்டொப்புக்குச் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். போனின் யூஎஸ்பி அமைப்புப் பக்கத்தில் "கட்டுப்படுத்துவது: இந்தச் சாதனம், இணைக்கப்பட்ட சாதனம்" என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். இரண்டாவதை எடுங்கள். மாற மறுத்தால் ஒரு முனை பழைய ஏ வகையாக உள்ள கேபிளைப் போடுங்கள். அதில் தலைமை எப்போதும் கணினிக்குத்தான்.

எல்லாம் சரியானால் திரையில் "நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 7 யூசிங் எக்ஸ்எச்சிஐ" என்பதுபோல ஒரு வரி விழும், கீழே தயாரிப்பாளர் பெயர் வரும். "ஹை-ஸ்பீட்" என்பது விநாடிக்கு 480 மெகாபிட். அதற்குப் பதில் "ஃபுல்-ஸ்பீட்" என்று வந்தால் வேகம் 12 மெகாபிட்டுக்கு விழுந்துவிட்டது. இதுவும் பெரும்பாலும் கேபிளின் வேலை. "எல்.எஸ்.யு.எஸ்.பி." என்று அடித்தாலும் போன் பட்டியலில் வரும். சாம்சங்குக்கு 04ஈ8, கூகுளுக்கு 18டி1, ஷாவோமிக்கு 2717, ஹுவாவேக்கு 12டி1 என்று எண் தொடங்கும். வேறு தயாரிப்பாளரின் போன் 18டி1 என்று கூகுள் எண்ணோடு வந்தாலும் பயப்பட வேண்டாம்.

இங்கே வந்துவிட்டால் வயர் விவகாரம் முடிந்தது. அடுத்தது போனின் பயன்முறை.

அன்ட்ரொய்ட் 6 முதல், கணினியில் செருகியதும் போன் "சார்ஜ் மட்டும்" என்ற நிலையில்தான் நிற்கும். பொது இடத்துச் சார்ஜரில் செருகினால் தரவு திருடப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. போனைப் பூட்டுத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, "யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது" என்பதைத் தட்டி, "ஃபைல் பரிமாற்றம்" என்பதைத் தெரியுங்கள். அந்தக் கணத்தில் டி.எம்.ஈ.எஸ்.ஜி. ஓடும் திரையைப் பாருங்கள்: "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று ஒரு வரி விழுந்து, உடனே போன் 8 என்ற புது எண்ணோடு திரும்பி வரும். அது பழுதில்லை. பயன்முறை மாறும்போது போன் தன்னைக் கழற்றிப் புதிய முகத்தோடு மறுபடி செருகிக்கொள்கிறது. அந்த வரி வராவிட்டால்தான் கவலை: பட்டனைத் தட்டியும் முறை மாறவில்லை. போனை ஒருதரம் மறுதொடக்கம் செய்தால் அநேகமாகச் சரியாகும்.

ஃபைல்ஸ் செயலியில் போன் பெயர் வந்து உள்ளே வெறுமையாக இருப்பது, பூட்டிய போனைச் செருகியதால். பூட்டைத் திறந்த பிறகும் பழைய வெறுமையே நிற்கும், ஏனென்றால் செயலி முதலில் கேட்ட பதிலை வைத்துக்கொண்டிருக்கிறது. பக்கப்பட்டியில் வெளியேற்றும் அம்புக்குறியை அழுத்தி, போன் பெயரை மறுபடி தட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் முறை மாற்றுவது அலுப்பாக இருந்தால், "போனைப் பற்றி" பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டி டெவலப்பர் தெரிவுகளைத் திறந்து, இயல்பான யூஎஸ்பி அமைப்பை "ஃபைல் பரிமாற்றம்" ஆக்கலாம். அப்போதும் பூட்டைத் திறந்தால்தான் ஃபைல் தெரியும், அதனால் பாதுகாப்புக்குப் பெரிய குறைவில்லை.

இனி எம்ரிபி. டிஸ்குகளைப் பட்டியலிடும் கட்டளையான "எல்.எஸ்.பி.எல்.கே. போட்டுப் பார்த்தேன், போன் டிஸ்காக வரவில்லை" என்று பலர் குழம்புகிறார்கள். வராது. பழைய அன்ட்ரொய்ட் போன்கள் பென் டிரைவ்போல நடித்தன. கணினி அந்தச் சேமிப்பை எடுத்துக்கொள்ளும்போது போன் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, ஒரே சேமிப்பில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுத முடியாது என்பதால். எம்ரிபி வந்தபின் நடப்பது, அலமாரிக்குள் போக விடாத நூலகத்தில் கவுண்டரில் சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி. கணினி கேட்கிறது, போன் எடுத்துத் தருகிறது. ஒரு சமயத்தில் ஒரு சீட்டுத்தான். போனில் இருக்கிற ஃபைலைக் கணினியிலிருந்து அங்கேயே வைத்துத் திருத்திச் சேமிக்கவும் முடியாது. கணினிக்கு எடுத்து, திருத்தி, திருப்பி அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கேமரா ஃபோல்டரைத் திறந்தால் நீண்ட நேரம் ஒன்றும் தெரியாமல் சுற்றுவதும் இதனால்தான். அந்த நேரத்தில் பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கினால் நிலைமை இன்னும் கெடும்.

கணினிப் பக்கம் இந்தச் சீட்டு எழுதுகிற வேலையைச் செய்வது ஜிவிஎஃப்எஸ். சாதாரண உபுண்டுவில் அது ஏற்கெனவே இருக்கிறது. குறைந்தபட்ச நிறுவலிலும் எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூட்டி போன்றவற்றிலும் விடுபட்டிருந்தால் "சுடோ ஏ.பி.ரி. இன்ஸ்டோல் ஜி.வி.எஃப்.எஸ்.-பேக்கெண்ட்ஸ்" என்று போட்டு, வெளியேறி உள்நுழையுங்கள். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் பெக்கேஜ் பெயர் "ஜி.வி.எஃப்.எஸ்.-எம்.ரி.பி.", கேடிஈயில் "கே.ஐ.ஓ.-எக்ஸ்ட்ராஸ்". இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஆனால் பலர் ஒன்றும் சரிவராத கோபத்தில் கிடைத்த எம்ரிபி கருவியையெல்லாம் நிறுவியிருப்பார்கள். அங்கேதான் அடுத்த கோளாறு பிறக்கிறது. போனின் எம்ரிபி வாசலை ஒரு செயலிதான் பிடித்து வைத்திருக்க முடியும். ஜிவிஎஃப்எஸ் பிடித்திருக்கும்போது "எம்.ரி.பி.-டிடெக்ட்" என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் "சாதனம் வேலையில் இருக்கிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் திட்டு விழும், அதைப் பார்த்துப் போன் பழுது என்று முடிவு கட்டுவார்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க "எல்.எஸ்.யு.எஸ்.பி. -ரி" அடியுங்கள். போனின் வரியில் டிரைவர் என்ற இடத்தில் "யூஎஸ்பிஎஃப்எஸ்" என்று இருந்தால் ஏதோ ஒரு செயலி பிடித்திருக்கிறது, "நன்" என்றிருந்தால் வாசல் காலி. செயலியை விடுவிக்க முதலில் ஃபைல்ஸில் வெளியேற்றுங்கள். அசையாவிட்டால் "பி.கில் ஜி.வி.எஃப்.எஸ்.டி.-எம்.ரி.பி." என்று அடித்து, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். மறுதொடக்கம் செய்தால் சரியாகிறது என்று சொல்கிறவர்களுக்கு உண்மையில் நடப்பது இதுதான்.

கொப்பி பாதியில் நிற்பதற்கு வருவோம். டி.எம்.ஈ.எஸ்.ஜி. திரையில் அந்த நேரத்தில் "டிஸ்கனெக்ட்" விழுந்திருந்தால் மறுபடி கேபிளுக்குப் போங்கள். விழவில்லை என்றால் குறிப்பிட்ட ஒரு ஃபைலில் சிக்கியிருக்கிறது. கணினியிலிருந்து போனுக்கு அனுப்பும்போது, பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் இருந்தால் அன்ட்ரொய்ட் பெரும்பாலும் ஏற்காது. லினக்ஸில் அவை எல்லாம் செல்லும். போனில் செருகிய மெமரி கார்ட் ஃபாட்32 என்ற பழைய ஒழுங்கமைப்பில் இருந்தால் 4 ஜிபியை எட்டுகிற ஃபைல் போகாது.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஃபைல் பெயருக்கு எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட், யூரிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழுக்கு மூன்று. அதிலும் "கோ" என்பது ஒன்றாகக் கணக்காகாது. க தனி, துணைக்குறி தனி, புள்ளியும் தனி. ஆக 85 குறியீடுகளோடு தமிழ்ப் பெயர் முடிந்துவிடும். பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், பாடியவர் என்று நீட்டிய எம்பி3 ஃபைல்கள் இந்த எல்லையில் முட்டி நின்று, காரணம் சொல்லாமல் பிழை காட்டும். பெயரைக் குறுக்கினால் போகும்.

வாட்ஸ்அப் படங்களைத் தேடுகிறவர்கள் பழைய இடத்தில் தேடிவிட்டு, எம்ரிபி மறைக்கிறது என்று நினைக்கிறார்கள். அன்ட்ரொய்ட் 11 காலத்திலிருந்து அவை "அன்ட்ரொய்ட்", அதற்குள் "மீடியா", அதற்குள் "கொம்.வாட்ஸ்அப்" என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன.

பல ஜிபி படங்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டுமென்றால் எம்ரிபியை விட்டுவிட்டு ஏடிபிக்கு, அதாவது செயலி எழுதுகிறவர்கள் போனைக் கட்டளையால் இயக்கும் கருவிக்கு, போவது என் பரிந்துரை. வேகமும் அதிகம், நம்பவும் முடியும். டெவலப்பர் தெரிவுகளில் "யூஎஸ்பி டிபக்கிங்" போடுங்கள், கணினியில் "சுடோ ஏ.பி.ரி. இன்ஸ்டோல் ஏ.டி.பி." அடியுங்கள், பிறகு "ஏ.டி.பி. டிவைசஸ்". முதல் தடவை போன், கணினியின் சாவியை அடையாளம் காட்டும் ஒரு நீண்ட குறியீட்டைக் காட்டி அனுமதி கேட்கும். பூட்டிய போனில் இந்தக் கேள்வி தெரியாது, கணினியில் "அன்ஓதரைஸ்ட்" என்றே நிற்கும். "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தால், சாதனத்தைத் தொட உங்களுக்கு அனுமதி தருகிற யூடெவ் விதி இல்லை, "அன்ட்ரொய்ட்-எஸ்.டி.கே.-பிளாட்ஃபோர்ம்-டூல்ஸ்-கொமன்" என்ற பெக்கேஜை நிறுவிக் கேபிளை மறுபடி செருகுங்கள். சுடோ போட்டு ஏடிபியை ஓட்டி இதைச் சமாளிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பிறகு இரண்டு பயனர்களின் சாவிகளும் சேர்வர்களும் மோதிக்கொள்ளும். "டிவைஸ்" என்று வந்ததும் "ஏ.டி.பி. புல் -ஏ /எஸ்.டி.கார்ட்/டி.சி.ஐ.எம்." என்று அடித்தால், நீங்கள் நிற்கிற ஃபோல்டருக்குள் எல்லாப் படங்களும் வந்து சேரும். கடைசிச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். -ஏ போட்டால் படங்களின் பழைய தேதியும் காப்பாற்றப்படும். வேலை முடிந்ததும் டிபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

பற்றரியைக் காப்பாற்ற ரிஎல்பி என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறீர்களா? அது சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும். போன் சார்ஜ் ஏறாமல் நிற்பதற்கும் இணைப்பு விழுவதற்கும் அதுவும் காரணமாகலாம். அதன் கொன்ஃபிக் ஃபைலில் "யூஎஸ்பி_எக்ஸ்க்ளூட்_போன்" என்ற வரியை 1 ஆக்கி "சுடோ ரி.எல்.பி. ஸ்டார்ட்" அடியுங்கள். ரிஎல்பி, பவர்டொப் போன்ற மின்சிக்கனக் கருவிகள் இல்லாத சாதாரண உபுண்டுவில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

வேறொரு இயங்குதளத்தின் மேல் வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற மெய்நிகர் கணினிக்குள் உபுண்டு ஓட்டுகிறீர்கள் என்றால் மேலே சொன்னவற்றுக்கு முன், சாதனங்கள் மெனுவில் யூஎஸ்பி பட்டியலில் போனைத் தெரிவு செய்து உள்ளே அனுப்ப வேண்டும். முறை மாற்றும்போது போன் கழன்று செருகிக்கொள்வதால், அது வெளியே உள்ள இயங்குதளத்துக்கே திரும்பிவிடும். மறுபடி தெரிவு செய்யுங்கள், அல்லது ஃபில்டர் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

துளையே உடைந்து, எந்தக் கேபிளிலும் -71 தவிர வேறு வராவிட்டால், திருத்தக் கொடுக்கும் முன் படங்களைக் காற்றிலேயே எடுத்துவிடலாம். போனில் கேடிஈ கனெக்ட் செயலி, உபுண்டுவில் ஜிஎஸ்கனெக்ட் நீட்சி, இரண்டும் வீட்டு ரவுட்டரில் ஒரே வைஃபையில். ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் போட்டால் ஒன்றையொன்று காணாது. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலை (வலைத் தடுப்பை) நீங்களே இயக்கியிருந்தால் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகளை ரிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள்.